மாற்றுக் கல்லீரலும் இரண்டு வேளை மாத்திரையும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நாம் அனைவரும் "டீச்சர்" என்று அழைக்கும் பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் சார் என்னிடம் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார். நாற்பது நிமிட பீரியடு எடுத்தே பழகியவள் நான். கொஞ்சம் கூடக்குறைய ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் டீயும் சுண்டலும் இருக்கிறது, எங்கும் போகாது.

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்று, நம் சி பிளாக்கில் இன்னொரு குடும்பத்துக்கும் இப்போது அதே முடிவை எடுக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அப்பாவுக்குத் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க மகள் தயாராக இருக்கிறாள். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டது ஆபரேஷனைப் பற்றி இல்லை. "ஆன்ட்டி, அதுக்கப்புறம் ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும்னு சொல்றாங்க. அந்த மாத்திரை அப்பாவை என்ன செய்யும்?" என்றுதான் கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆறு வருஷமாக மாத்திரை டப்பாவை நிரப்புகிறவள், அவ்வளவுதான். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், எதற்கு இந்த மாத்திரை? "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு?" என்று லிஃப்டில் கேட்காதவர்கள் குறைவு. நம் கேட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டியில் நம் அபார்ட்மென்ட் ஸ்டிக்கர் இருந்தால் வாட்ச்மேன் அண்ணன் உள்ளே விடுவார். இல்லையென்றால் மறிப்பார். நம் உடம்பிலும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லின் மேலும் "இது நம்மாள்" என்று ஒரு அடையாளம் இருக்கிறது. புதுக் கல்லீரலில் இருப்பது வேறு கட்டடத்து ஸ்டிக்கர். அது எவ்வளவு நல்ல கல்லீரலாக இருந்தாலும், சொந்த மகள் கொடுத்ததாகவே இருந்தாலும், வெள்ளை அணுக்கள் அதை அடித்து வெளியேற்றத்தான் பார்க்கும். அந்த வாட்ச்மேனைக் கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்கச் செய்வதுதான் நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளின் வேலை. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. வாட்ச்மேன் அசந்தால் விருந்தாளி மட்டுமா உள்ளே வருவார்? திருடனும் வருவான்.

இந்த மருந்துகள் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பழைய வாத்தியார் புத்தி. 1963இல் அமெரிக்காவின் டென்வரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார். மூன்று வயதுக் குழந்தை, பிழைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நோயாளி உயிரோடு இருப்பதைப் பார்க்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தைக்கவும் இணைக்கவும் கைகளுக்குத் தெரிந்திருந்தது, உடம்பை ஒத்துக்கொள்ள வைக்கும் நல்ல மருந்துதான் இல்லை. அந்த மருந்து கிடைத்த இடம் மண். நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின். 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ். பசிபிக் கடல் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து சிரோலிமஸ். இன்று கல்லீரல் மாற்றியவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது டாக்ரோலிமஸ்தான். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சாப்பிடுகிறார்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது நம்ம ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. மருத்துவப் புத்தகங்களில் "மதுரா ஃபுட்" என்று ஒரு நோய் உண்டு, மதுரைக் கால். 1840களில் மதுரை டிஸ்பென்சரியில் இருந்த ஆங்கிலேய மருத்துவர்கள் விவசாயிகளின் காலில் பார்த்து எழுதிவைத்தது. வெறுங்காலோடு வயலில் நடக்கும்போது முள் குத்தி, அந்த வழியாக மண்ணில் இருக்கும் கிருமி உள்ளே போய், கால் வீங்கிச் சீழ் வைக்கும். அந்தக் கிருமிகளில் ஒன்றுக்கு "ஆக்டினோமதுரா மதுரே" என்றே பெயர், நம்ம ஊர்ப் பெயர் இரண்டு தடவை. டாக்ரோலிமஸ் தரும் ஜப்பான் பாக்டீரியாவும் இதுவும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே மண்தான், ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் நோய். மாற்று உறுப்போடு இருப்பவர்கள் செருப்பும் கையுறையும் இல்லாமல் தோட்ட வேலை செய்யக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது மண் கிருமிகளால்தான். எங்கள் பால்கனி ரோஜாச் செடிகளை இப்போது நான்தான் பார்க்கிறேன். அவர் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

நம் நாட்டில் முதல் வெற்றி 1998 நவம்பரில். டெல்லி அப்போலோவில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் என்ற குழந்தைக்கு அவன் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். சி பிளாக் பிள்ளைக்கு நான் முதலில் சொன்னது இந்தச் செய்தியைத்தான். பக்கவிளைவுகளைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பயந்து மருந்தையே வெறுத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். கொடுக்கிறவருக்கு இந்த மாத்திரைகள் கிடையாது. அவள் உடம்பில் இருப்பது அவளுடைய கல்லீரல்தான், மீதி இருப்பது சில மாதங்களில் வளர்ந்துகொள்ளும். அறுவை என்ற வகையில் கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு, அதை டாக்டர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் ஆயுசு முழுக்க மாத்திரை என்பது வாங்கிக்கொள்கிறவருக்கு மட்டும்தான். அவள் பாட்டி "பிள்ளைக்கும் மாத்திரை குடுத்து வயித்துல பிள்ளை தங்காமப் பண்ணிருவாங்க" என்று அழுதுகொண்டிருந்தாராம். அப்படி இல்லை என்பதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பக்கவிளைவுகளுக்கு வருவோம்.

முதலில் வந்தது கை நடுக்கம். டாக்ரோலிமஸ் நரம்பை லேசாகத் தொந்தரவு செய்யும். முதல் மாதங்களில், ரத்தத்தில் மருந்தின் அளவு கூடுதலாக இருக்கும்போது, அது அதிகம். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போனால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று கையெழுத்து, மூன்றும் மூன்று விதம். அளவு குறைந்ததும் நடுக்கமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. தலைவலி, தூக்கமின்மை, கால் பிடிப்பு எல்லாமும் இந்தக் கணக்கில் வரும். மக்னீசியம் குறைவதாலும் பிடிப்பு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்கும் ஒரு மாத்திரை தருவார்கள்.

அப்புறம் முகம். ஆரம்ப மாதங்களில் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அப்போது முகம் உருண்டையாகிவிடும், நேரங்காலம் இல்லாமல் பசிக்கும், கோபம் வரும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். நம் ஆட்கள் பார்த்துவிட்டு, "சார் நல்லா தேறிட்டீங்களே, கன்னம் எல்லாம் வந்துருச்சே" என்பார்கள். அன்போடு சொல்வதுதான், ஆனால் அது தேறியது இல்லை, மருந்து. கேட்கிற மனுஷனுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனால் இனிமேல் யாரையாவது பார்த்தால் உடம்பின் அளவைப் பற்றிப் பேசாமல் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேளுங்களேன். ஸ்டீராய்டைப் பல நோயாளிகளுக்குச் சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறார்கள். எலும்பு தேய்வதும் கண்புரை வருவதும் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு உண்டு.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சொல்லாமல் வருகிற விருந்தாளிகள். டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இரண்டுமே சர்க்கரையை ஏற்றும். நம் வீடுகளில் ஏற்கெனவே சர்க்கரை பாரம்பரியமாக வருகிறது. ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையே இல்லாமல் இருந்த இவருக்கு நான்காவது மாதம் வந்தது. "கல்லீரல் புதுசு, இனிமே எதை வேணும்னாலும் சாப்பிடலாம்" என்பது தப்பான எண்ணம். உடம்பு ஏறி, கொழுப்பு ஏறி, புதுக் கல்லீரலிலும் கொழுப்பு படிகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிறுநீரகத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதுதான். கல்லீரலைக் காப்பாற்றுகிற அதே மருந்து, சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் சின்னக் குழாய்களைச் சுருக்குகிறது. வருஷக்கணக்கில் அப்படி நடந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளரும். வலிக்காது, வீங்காது, ஒன்றும் தெரியாது. 2003இல் அமெரிக்காவில் சிறுநீரகம் அல்லாத மற்ற உறுப்புகளை மாற்றிக்கொண்ட 69,321 பேரின் விவரங்களைப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஐந்து வருஷத்துக்குள் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானவர்கள் சுமார் 18 சதவீதம். ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் பிறகு மருந்து கொடுக்கும் முறை நிறைய மாறியிருக்கிறது, அளவைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் கவலை தீரவில்லை.

இவருக்குக் கிரியாட்டினின் 0.9 இருந்தது. இப்போது 1.6. டாக்டர் என்ன செய்தார் என்றால், டாக்ரோலிமஸைக் குறைத்துவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்ட மைக்கோஃபினோலேட் என்ற வேறு மருந்தைச் சேர்த்தார். சிலருக்கு எவரோலிமஸ் சேர்ப்பார்கள். டாக்ரோலிமஸைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு நல்லது, ஆனால் அதிகமாகக் குறைத்தால் உடம்பு கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கும். தராசில் இந்தப் பக்கம் ஒரு குந்துமணி, அந்தப் பக்கம் ஒரு குந்துமணி. அளவு குறைத்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் என்சைம், கிரியாட்டினின், டாக்ரோலிமஸ் லெவல் மூன்றும் பார்க்கிறோம். ரிப்போர்ட் வரும்வரை அவர் பேசமாட்டார், நான் நிறையப் பேசுவேன். மைக்கோஃபினோலேட்டுக்கும் அதன் வழக்கம் உண்டு. வயிற்றுப்போக்கு வரும், வெள்ளை அணுக்கள் குறையும். கருவுறும் வயதில் உள்ள பெண்கள் அதை எடுத்தால் கருவுக்குக் கெடுதல். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். அப்படி மாறி, கல்லீரல் மாற்றிய பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர் உண்டு.

லெவல் என்று சொன்னேனே, அது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. முதல் மாதத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 6 முதல் 10 நானோகிராம், பிறகு 4 முதல் 8 என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. ஆளுக்கு ஆள் மாறும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன இடத்துக்குள் மருந்து நிற்க வேண்டும். அதனால்தான் காலை எட்டு, ராத்திரி எட்டு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக் கூடாது என்கிறார்கள். ரத்தம் எடுப்பது காலை மாத்திரை போடுவதற்கு முன்னால். சென்னைக்குப் போக நாங்கள் எப்போதும் பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான். விடியற்காலை எழும்பூரில் இறங்கி, நேராகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பிறகுதான் மாத்திரை, பிறகுதான் இட்லி. ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் அலாரம் அடிக்கும். "டீச்சர் வீட்டுல சீரியலுக்கு அலாரமா" என்று கேட்ட எதிர் வீட்டுத் தம்பிக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும்.

இந்த லெவலை நாம் தெரியாமலேயே மேலும் கீழும் ஆக்கிவிட முடியும். கூட்டத்தில் நான் பேச ஒத்துக்கொண்டதே இதைச் சொல்லத்தான். மதுரை வெயிலில் படர்தாமரை வராத வீடு உண்டா? மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஃபுளூகோனசோலோ இட்ராகோனசோலோ கொடுத்துவிடுவார்கள். சாதாரண ஆளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அளவு கிடுகிடுவென்று ஏறிவிடும். நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் அப்படித்தான். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் எதிர்ப்பக்கம் இழுக்கும், அளவை விழவைத்துவிடும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போட்டால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. "எனக்குக் கேட்டுச்சு, நீங்களும் போடுங்க" என்று மாத்திரை அட்டையை நீட்டும் பழக்கத்தை நாம் எல்லோருமே விட்டால் நல்லது.

பழத்தில் பம்பளிமாஸ் ஆகாது, கிரேப்ஃபுரூட்டும் ஆகாது. குடலில் மருந்தை உடைக்கும் ஒரு என்சைமை அவை தடுத்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து குறைந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்போம். டாக்ரோலிமஸ் நேர்மாறு, வயிற்றுப்போக்கின்போது ரத்தத்தில் அளவு ஏறும். அதோடு உடம்பில் நீரும் வற்றினால் சிறுநீரகம் என்னாகும் என்று யோசியுங்கள். ஆகவே இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இளநீர் இன்னொன்று. சித்திரை வெயிலில் யார் வீட்டுக்குப் போனாலும் அன்பாக இளநீர் வெட்டித் தருகிறீர்கள். இந்த மருந்தால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இவருக்கு ஏறியிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும்.

கஷாயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் எத்தனை பேர் எங்கள் கதவைத் தட்டிச் சீந்தில் பொடியும் நிலவேம்பும் கொடுத்தீர்கள்! எதிர்ப்பு சக்தி கூடும் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டில்தான் அந்தச் சக்தியைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டிருக்கிறோமே! 2021இல் மும்பை கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. மாற்றுக் கல்லீரல் உள்ளவருக்கு "எதிர்ப்பு சக்தி கூட்டும்" எந்தப் பொடியும் டாக்டரைக் கேட்காமல் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் மரபு மருத்துவத்துக்கு எதிரி இல்லை, எனக்குச் சளி பிடித்தால் சுக்குக் கஷாயம்தான்.

தொற்று, புற்றுநோய் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் பயன் இல்லை. காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால் எங்களுக்கு அது அவசரம். மறைந்திருந்த காசநோய் தலைதூக்கலாம். பல வருஷம் இந்த மருந்து எடுப்பவர்களுக்குத் தோல் புற்று, நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நம் பக்கத்தில் வாயைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். புகையிலையும் வெற்றிலை பாக்கும் அறவே கூடாது. உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் தடுப்பூசிகள் இவர்களுக்குப் போடக் கூடாது. ஃபுளூ, நிமோனியா போன்ற மற்ற ஊசிகளைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு தொல்லை என்றால் மாத்திரையை விட்டுவிடலாமே என்ற எண்ணம் வரும். மூன்றாவது வருஷம், நான்காவது வருஷம், உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் வரும். மருந்துச் செலவும் மாதா மாதம் வீட்டு வாடகை மாதிரி நிற்கிறது. காசு நெருக்கடியில் பாதி மாத்திரை போட்டவர்களை மருத்துவமனை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். மற்ற உறுப்புகளைவிடக் கல்லீரல் கொஞ்சம் சாது. மிகச் சிலருக்கு டாக்டர்கள் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்த்து, கல்லீரல் தாங்கியதும் உண்டு. அதைக் கேள்விப்பட்டு வீட்டில் தானாக நிறுத்தினால் நிராகரிப்புதான் வரும். அது வரும்போது வலிகூடத் தெரியாது. ரத்தத்தில்தான் முதலில் தெரியும். கம்பெனி மாற்றி வாங்குவதும் டாக்டரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது. மருந்து ஒன்றுதான், ஆனாலும் உடம்பில் சேரும் அளவு சற்று மாறலாம், நாம் பேசுவது நானோகிராம் கணக்கு.

இந்தக் கல்லீரல் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவர், அவர் குடும்பம். 2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு அந்த மனம் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடை தருபவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அப்படி ஒரு வீட்டார் கொடுத்ததை எட்டு மணி மாத்திரை மறந்து இழந்துவிடக் கூடாது என்று இவர் சொல்வார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, இது மட்டும் சொல்வார்.

இனி சங்கத்திடம் என் கோரிக்கைகள். புறா. ஏ பிளாக் மொட்டை மாடியிலும் சில பால்கனிகளிலும் தானியம் போடுகிறீர்கள். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, காய்ந்த தூசியோடு மூச்சில் போனால், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு நுரையீரலையும் மூளை உறையையும் தாக்கும். புறாவுக்கு நெல் போடுவது புண்ணியம் என்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புண்ணியம் மூன்று மாடி கீழே எங்கள் ஜன்னலில் வந்து விழுகிறது. குழாய்ச் சந்துகளுக்கு வலை அடிப்போம், எச்சத்தைக் கூட்டாமல் நனைத்துக் கழுவச் சொல்வோம். அடுத்தது, வீட்டுக்குள் சுவர் இடிக்கும் வேலை வைத்தால் இரண்டு நாள் முன்னால் வாட்ஸப் குழுவில் போடுங்கள். இடிக்கும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். நாங்கள் ஜன்னலை மூடிக்கொள்வோம், இல்லாவிட்டால் திருமங்கலத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவோம். சம்பும் மேல்தொட்டியும் கழுவிய தேதியை நோட்டீஸ் போர்டில் எழுதினால் போதும். மழைக்காலத்தில் பார்க்கிங் பக்கம் தேங்கும் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, டெங்கு எல்லோருக்கும் பொது.

காய்ச்சல், அம்மை உள்ள குழந்தைகளை லிஃப்டில் அழைத்துப் போனால் நாங்கள் அடுத்த லிஃப்டில் வருகிறோம், தவறாக நினைக்காதீர்கள். அவர் முகக்கவசம் போட்டிருந்தால் தொற்று அவரிடமிருந்து வரும் என்று ஒதுங்க வேண்டாம். நம்மிடமிருந்து அவருக்கு வராமல் இருக்கத்தான் அது.

இனி கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(உரைக்குப் பின் நடந்த கேள்வி பதிலில் சில:)

"டீச்சர், சார் அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க வருவாரா?" ஆற்றங்கரைக் கூட்டத்துக்கு இல்லை. டிவியில் பார்ப்பார். கோயிலுக்குக் கூட்டம் இல்லாத விடியற்காலையில் போவோம். பந்தலில் தரும் பானகமும் மோரும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்போம். அந்தத் தண்ணீரும் ஐஸும் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"ஜிகர்தண்டா?" அதே ஐஸ், அதே பதில். சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வாரம் ஒன்று குடித்த மனுஷன், பாவம். பாலைக் காய்ச்சி வீட்டில் தோய்த்த தயிர் சாப்பிடுகிறார்.

"எங்க நாய்க்குட்டியோட சார் விளையாடுறாரே, அதுவும் கூடாதா?" தடுப்பூசி போட்ட நாய் என்றால் விளையாடலாம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நக்கவிடக் கூடாது, கழிவைச் சுத்தம் செய்யவும் கூடாது. பூனை என்றால் அதன் மணல் தட்டு பக்கமே போகக் கூடாது.

"சி பிளாக் வீட்டுக்கு நாங்க என்ன செய்யலாம்?" ஆபரேஷனுக்குச் சென்னையில் பல வாரம் தங்க வேண்டியிருக்கும். பாட்டி இங்கே தனியாக இருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முறை போட்டுக்கொள்ளலாம். நான் திங்களும் வியாழனும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் செயலாளர் சாரிடம் எழுதிக் கொடுங்கள்.